கூட்டாமல் குறைக்காமல்

அக்காவுக்கு முன்னால் ‘கிட்டத்தட்ட’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு நமக்குச் சனிதான். “கிட்டத்தட்டப் பத்துப் பேர் வெளியில நிக்கினம் அக்கா” என்றேன் ஒருநாள். கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“ஒன்பது பேரோ, பதினொரு பேரோ?”

“நான் எண்ணேல்லை அக்கா.”

“அப்ப எண்ணேல்லை எண்டு சொல்லும். பத்தெண்டு ஏன் சொல்லுறீர்?”

எழும்பிப் போய் எண்ணிவிட்டு வந்தேன். எட்டுப் பேர். அதைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் தட்டத் தொடங்கினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இது தொண்ணூறுகளின் நடுவில். ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில், எங்கள் ஆட்களுக்கு அகதிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே தட்டெழுத்து வேலை அக்காவுக்கு. அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஸ்காபரோவில் இன்னும் நாலு பேருக்கு ஆளைத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய லோயரின் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் சுருக்கெழுத்து எழுதியவர். கலியாணம் செய்யவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நல்ல உயரம், குளிர்காலம் முழுவதும் ஒரே ஒரு மண்ணிற ஜக்கெற், தோளில் எப்போதும் ஒரு துணிப்பை.

அந்த நாட்களில் கனடாவில் வந்து இறங்கியவன் முதலில் செய்யவேண்டியது ‘கேஸ் எழுதுவது’. ஏன் ஓடிவந்தாய், அங்கே உனக்கு என்ன நடந்தது என்று ஒரு பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு ஹியரிங் வரும். ஒரு அதிகாரி அந்தப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு துருவித் துருவிக் கேட்பார். நம்பினால் இருக்கலாம். நம்பாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் ஒவ்வொருத்தரின் உயிரும் இருந்தது.

அக்கா வேலை செய்யும் விதம் தனி. ஆளை முன்னால் இருத்தி, கோடு போட்ட கொப்பி ஒன்றைத் திறந்து, மேலே திகதியும் ஆளின் பெயரும் எழுதுவார். ஆள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் கீறிக்கொண்டே போவார். அந்தக் கீறல்களை அவரைத் தவிர ஒரு பிறவிக்கும் வாசிக்க வராது. பிறகு ஆங்கிலத்தில் தட்டி, அதைத் தமிழில் ஆளுக்கே வாசித்துக் காட்டி, முடிவில் ஒரு கேள்வி கேட்பார். “உதுதானே சொன்னனீர்?” ஓம் என்ற பிறகுதான் கையெழுத்து வாங்குவார். 

ஒருவர் முதலில் ஏழு ஆமிக்காரர் வந்ததாகச் சொல்லிவிட்டு, பிறகு யாரோ காதில் ஓதியதைக் கேட்டு, முப்பது என்று மாற்றச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டார். அந்த மனுசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்கள் எழுதுறதுக்குத்தானே இருக்கிறியள்?”

“ஓம். நீர் சொன்னதை எழுதத்தான் இருக்கிறன். ஏழு பேர் வந்து ஒருத்தனை அடிச்சாக் காணாதே? நோகாதே?”

அந்த ஏழு ஏழாகவே போனது. கேஸும் வென்றது. அந்த ஆளே பிறகு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

செத்தவீட்டிலும் அவர் இப்படித்தான். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் போய்விட்டார். சவச்சாலையில் ஒவ்வொருவராக எழும்பி, மனிதரை வள்ளலாகவும் மகாத்மாவாகவும் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ அக்காவையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்ல, போய் நின்று, “இவர் எனக்கு ஒருக்கா மழைக்குள்ள குடை தந்தவர். ரெண்டு கிழமையில திருப்பிக் கேட்டவர், குடுத்திட்டன். நல்ல மனிசன்” என்று சொல்லிவிட்டு வந்து இருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் செத்தவரின் மனைவி மட்டும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்குப் பேசியவர்களில் தன் புருசனை உண்மையாகத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் ஒரே வகுப்புக்குப் போனோம். வோபர்னில் ஒரு உயர்தரப் பாடசாலையில் பெரிய ஆட்களுக்கான ஆங்கில வகுப்பு. எனக்கு ஒரு ரெக்னீசியன் படிப்பில் சேர அந்தப் பாடத்தில் சித்தியடைய வேண்டியிருந்தது. அக்காவுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. “முப்பது வருசமா இங்கிலீசை ரைப் பண்ணுறன், ஒரு கதை வாசிக்கேல்லை” என்று சொல்லிச் சேர்ந்தார். வகுப்பு எடுத்தவர் ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு அம்மா. அந்தத் தவணைக்கு நானூறு பக்கத்தில் ஒரு பழைய அமெரிக்க நாவலைத் தந்து, அதில் வரும் மனிதர்கள் எப்படி ஒழுக்கம் கெட்டுப்போகிறார்கள் என்று கட்டுரை எழுதச் சொன்னார்.

கதை பெரிய சிக்கல் இல்லை. ஒரு ஆலை ஊர். மேலே ஒரு அணைக்கட்டு. ஊர்ப் பெரியவர்கள் படகு விட்டு விளையாடுவதற்காக மதகைப் பூட்டச் சொல்கிறார்கள், மழை வந்து அணை உடைந்து ஆட்கள் சாகிறார்கள். விசாரணையில் பாதிரியார், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை என்று ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சின்னப் பொய் சொல்ல, பழி முழுவதும் மதகு காவல்காரன் தலையில் விழுகிறது. அவன் ஊரைவிட்டுப் போகிறான். மிச்ச முந்நூறு பக்கமும் பொய் சொன்னவர்கள் எப்படி உள்ளுக்குள் உளுத்துப்போகிறார்கள் என்பதுதான்.

பணக்காரர்கள், அதனால் கெட்டார்கள் என்று நான் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘சி’ தரம்தான் கிடைத்தது. அக்கா புத்தகம் முழுவதையும் பென்சிலோடு வாசித்தார். ஒவ்வொரு ஆளும் முதலாவது பிழை விடுகிற இடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு முன்னால் டோனட் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது எனக்குக் காட்டினார்.

“கெட்டவன் கெட்டுப்போறதில என்ன கதை இருக்கு தம்பி? உந்தப் பள்ளிக்கூட ரீச்சரைப் பாரும். ஒரு பிள்ளையின்ர தகப்பனைக் காப்பாத்தத்தான் முதல் பொய்யைச் சொல்லுறா. இரக்கத்தில சொன்ன பொய். ரெண்டாவதைச் சொல்லேக்க அந்த இரக்கமும் இல்லை. மூண்டாவதை ஏன் சொன்னவ எண்டு அவவுக்கே தெரியாது.”

“கதைதானே அக்கா” என்றேன் நான், டோனட்டை மென்றுகொண்டு.

“ஓம், கதைதான்” என்றார் அவர். அவருடைய கட்டுரைக்கு அந்த வகுப்பில் ஆகக்கூடிய புள்ளி கிடைத்தது.

இனி இன்னொரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கத்தோலிக்க அம்மா. புருசன் முன்னமே இறந்துவிட்டார். விசிற் விசாவில் வந்து மோர்னிங்சைட்டில் மருமகளின், அதாவது தமையனின் மகளின், பேஸ்மென்றில் இருந்தார். ஒரே மகனை ஆமி பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது, ஆள் எங்கே என்று தெரியாது. உலகத்தில் எந்தெந்த அலுவலகம் காணாமற்போனவர்களைத் தேடித் தருமோ, அத்தனைக்கும் கடிதம் எழுதுவதற்காக இரண்டு கிழமைக்கு ஒரு வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி வருவார். அக்கா அவரிடம் சதம் வாங்கமாட்டார். முதல்நாள் அவர் வந்தபோது நானும் என்னுடைய அலுவலாக அங்கே குந்தியிருந்தேன்.

“அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பிள்ளை. கை கழுவவும் விடேல்லை. ஒற்றைச் செருப்போட இழுத்துக்கொண்டு போனாங்கள். நான் மற்றச் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால ஓடினன். தம்பிமாரே, உதையும் போட விடுங்கோ, கல்லுக் குத்தும் எண்டு கத்தினன். ஆமி கொண்டு போறான், நான் கல்லுக் குத்தும் எண்டு நிக்கிறன். விசர்தானே எனக்கு.”

அக்காவின் பென்சில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் கீறினார். ஆனால் கடிதத்தில் பெயர், வயது, திகதி, இடம் இவ்வளவுக்குத்தான் இடம் இருந்தது. செருப்பு கொப்பியிலேயே தங்கிவிட்டது. அம்மா போனபிறகு அக்கா எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

என்னுடைய கதை அவ்வளவு பெரிதல்ல. ஒரு சுற்றிவளைப்பில் பிடித்தார்கள், ஆமி முகாமில் மூன்று நாள் வைத்திருந்தார்கள், கன்னத்தில் நாலைந்து அறை, மாமா போய்க் கதைத்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் நாய் குரைத்தால் எழும்பி வேலி பாய நின்றேன். அவ்வளவுதான். மனைவி ஐந்து மாதம் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது நான் விமானம் ஏறினேன். மகள் பிறந்ததும் கொழும்பில் ஒரு லொட்ஜில்தான். அக்கா எனக்கு எழுதியதை அலுவலகத்து முதலாளி வாசித்துவிட்டு, “உது காணாது தம்பி. உப்பிடி ஆயிரம் பேர் வந்து சொல்லிப்போட்டாங்கள்” என்று கையை விரித்தார்.

நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, மூன்று கிழமை. ஹோட்டலில் சலவை வேலை முடிந்து நேரே அங்கேதான் போவேன். மகளின் படத்தை மேசையில் வைப்பேன். “உள்ளதை எழுதினா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் அக்கா. ஏதாவது எழுதுங்கோ.” அவர் தட்டிக்கொண்டே இருப்பார். நான் அடுத்தநாளும் போவேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அடித்தேன்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியானம், அலுவலகத்தில் ஒருவரும் இல்லாத நேரம். அக்கா கொப்பியைத் திறக்காமலே தட்டத் தொடங்கினார். எனக்குக் கூடப்பிறந்தது ஊரில் இருக்கும் ஒரு தமக்கை மட்டும்தான். அந்தத் தாளில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கை கழுவாமல், ஒற்றைச் செருப்போடு காணாமற்போனான். அக்கா வழக்கம்போலத் தமிழில் வாசித்துக் காட்டினார். முடிவில் என்னைப் பார்த்தார்.

“உதுதானே சொன்னனீர்?”

“ஓம்” என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு அந்த அம்மாவின் நினைவே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்தும் கையெழுத்துப் போட்டேன்.

ஹியரிங்கில் செருப்பு வந்த இடத்தில் அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டார். கேஸ் வென்றுவிட்டது. கேக் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். முதலாளி இரண்டு துண்டு சாப்பிட்டார். அக்கா தொடவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். எனக்கு நாக்கு நீளம். ஹோட்டல் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், புருசன் இல்லை, ஹியரிங் வரப்போகிறது என்று ஒவ்வொருநாளும் அழுவாள். “அக்காவிட்டைப் போ, அவ எழுதினா வெல்லும்” என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்காக நான் அதிகம் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தன. அக்கா அவர்களை ஒருதரம் குனிந்து பார்த்தார். அவளுடைய அண்ணனின் காலிலும் ஒற்றைச் செருப்பு ஏறியது. அவளும் வென்றாள்.

மூன்றாவது ஆள் ஒரு பெடியன். அவனும் எங்கள் சலவைப் பகுதிதான், அவனையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவனுக்கு நடந்ததே தாராளமாகக் காணும், முதுகில் அடையாளம் இருந்தது. ஒன்றும் கூட்டத் தேவையில்லை. அவன் கேட்கவும் இல்லை. அக்கா தானாகவே கூட்டினார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘செருப்பு’ என்று தட்டியவர் நிறுத்தி, அழித்து, ‘வார் அறுந்த செருப்பு’ என்று திருத்தினார். திருத்திவிட்டுத் தாளைக் கொஞ்சம் தள்ளிப்பிடித்துப் பார்த்துச் சிரித்தார். நல்ல வசனம் அமைந்துவிட்ட சந்தோசம். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதே கிழமைதான், எத்தனை மணிக்கு அலுவலகம் பூட்டும் என்று யாரோ தொலைபேசியில் கேட்க, “கிட்டத்தட்ட அஞ்சு மணி” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை.

அந்த அம்மா தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தார். அவர் வருகிற வியாழனில் அக்கா அதிகம் பேசமாட்டார். கடிதத்தைத் தட்டிக் கொடுத்து, பஸ்தரிப்புவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

நீட்டி நீட்டி எடுத்த விசாவும் முடியும் தறுவாயில் அம்மாவும் அகதிக் கோரிக்கை வைக்க வேண்டிவந்தது. அவருடைய கேஸையும் அக்காதான் எழுதினார். கொப்பியைத் திறந்து, கேட்டு, கீறி, வாசித்துக் காட்டி, பழையபடி. செருப்பை விட்டுவிட்டு எழுதியிருக்கலாமே என்று பிறகு நான் கேட்டேன். “அந்த மனிசி வாயைத் திறந்தா முதல் வாறது அதுதானே. பெத்த தாயிட்டை அதைச் சொல்லாதேங்கோ எண்டு நான் என்ன முகத்தோட சொல்லுறது?” என்றார். வேறு அதிகாரியிடம் போகும் என்று நம்பியிருந்தார். நானும் நம்பினேன்.

அதே அதிகாரிதான் வந்தார். அந்த வருடம் எங்கள் ஆட்களின் கேஸ் பெரும்பாலும் அவரிடமே போயிற்று. அம்மா செருப்பைச் சொல்லத் தொடங்கியதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தி, இந்தச் செருப்பு இந்த அறைக்குள் வருவது இது நாலாவது தரம் என்றாராம். யார் சொல்லித் தந்தது என்று கேட்டாராம். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொல்லியிருக்கிறார்: “நான் செருப்பைப் பற்றிச் சொல்ல அந்தாள் சிரிச்சது பிள்ளை.” கேஸ் தோற்றுவிட்டது.

மருமகள் ஒரு லோயரிடம் ஓடினாள். மேல்கோட்டுக்கு அப்பீல் போக இரண்டு கிழமை இருக்கிறது, இந்தக் கதை முதன்முதலில் இவருடையதுதான் என்று யாராவது ஆதாரத்தோடு சொன்னால் பார்க்கலாம் என்றார் லோயர். மருமகள் நேரே அக்காவிடம் வந்தாள். அவளுக்கு மற்றவை ஒன்றும் தெரியாது. “நீங்கள்தானே அக்கா முதல் கேட்டனீங்கள்? உங்களிட்டை எழுதினது ஏதும் இருக்கோ?” என்றுதான் கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று அக்கா அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தக் கொப்பி. மேலே திகதி, என்னுடைய பத்திரத்துக்கு ஏழு மாதம் முந்தியது. விரலை வைத்து அந்தக் கீறல்களை முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்தார். கல்லுக் குத்தும் என்ற இடத்தில் அவருடைய குரல் மாறவில்லை. எனக்குத்தான் இருக்க முடியவில்லை.

“உதைக் குடுத்தா அந்த மனிசி தப்பும்” என்றார். “ஆனா என்னைக் கேப்பினம், மற்ற மூண்டு பேருக்கும் உது எப்பிடிப் போனது எண்டு. சத்தியம் பண்ணிப்போட்டு நான் பொய் சொல்லமாட்டன். என்னை என்ன செய்தாலும் செய்யட்டும், நான் தனி மனிசி. உங்கட மூண்டு பேரின்ர பேரும் வரும்.”

என் மனைவிக்கும் மகளுக்கும் கொழும்பில் மெடிக்கல் முடிந்திருந்தது. விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தோம்.

“அக்கா, பிள்ளைக்கு மூண்டு வயசு. நான் இன்னும் ஒருக்காக் கூடத் தூக்கேல்லை.”

“தெரியும்.”

“மற்றவளுக்கும் ரெண்டு பிள்ளையள் அக்கா.”

“தெரியும் தம்பி. அதுதான் உம்மைக் கூப்பிட்டனான்.”

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. அந்த அம்மாவுக்கு வயதுபோய்விட்டது, கிழவியை யார் என்ன செய்யப்போகிறான் என்றேன். கொழும்பில் பயம் இல்லை என்றேன். என் மனைவியும் பிள்ளையும் கொழும்பில் இருக்கப் பயம் என்று பத்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்த அதே வாயால் சொன்னேன். கடைசியில் குனிந்து அவருடைய காலையும் பிடித்தேன். அவர் காலை இழுக்கவில்லை. நான் அழுது முடியும்வரை பொறுத்திருந்தார்.

“சரி, நான் விளங்கிக்கொண்டன்” என்று கொப்பியை மூடினார். “எழும்பும். தேத்தண்ணி குடியும்.”

குடித்தேன். நல்ல தேத்தண்ணிதான். அதைக் குடித்தது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொப்பி வெளியே வராமலே அந்த இரண்டு கிழமையும் கடந்துபோயிற்று. அதற்குப் பிறகு அக்கா அந்த அலுவலகத்தில் நிற்கவில்லை. ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனார். ஆறேழு வருடம் கழித்து ஒரு கடையில் கண்டபோது, அங்கே கதைக்கத் தேவையில்லை, அதனால் பிடித்திருக்கிறது என்றார். எனக்கு எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள், நீ பிள்ளைக்காகச் செய்தாய் என்று. அப்படிச் சொல்கிறவர்கள் அந்த அம்மாவைக் காணாதவர்கள். அவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் தனியே இருந்து இரண்டாம் வருடம் நெஞ்சு வருத்தத்தில் இறந்துபோனார். மகனைப் பற்றி ஒரு பதிலும் வரவில்லை. அக்காவுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னவனும் நான்தான். கதவிலேயே நின்று கேட்டுவிட்டு, “எத்தனையாம் திகதி?” என்று கேட்டார். சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த அம்மா கனடாவை விட்டுப் போன நாளைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மருமகளுக்கு வாகனம் இல்லை, என்னிடம் அப்போது ஒரு பழைய கார் இருந்தது. விமானநிலையத்துக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி அக்கா என்னைத்தான் கேட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழியெல்லாம் பனி. பின் சீற்றில் அம்மா, ஒரு பக்கம் மருமகள், மறுபக்கம் அக்கா. அம்மா செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும் வாசலில் நின்றோம். அம்மா அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீ எனக்குச் செய்ததை நான் சாகுமட்டும் மறக்கன் பிள்ளை. ஒரு சதம் வாங்காமல் எத்தினை கடிதம் எழுதித் தந்தனீ. என்ர பிள்ளையின்ர கதையையும் நான் சொன்னமாதிரியே எழுதினனீ. கூட்டேல்லை, குறைக்கேல்லை. அங்கை அந்தாள் வாசிக்கேக்க நான் கேட்டுக்கொண்டு இருந்தனான், எல்லாம் சரி.” பிடித்த கையை விடாமலே கேட்டார். “எல்லாம் சரியா இருக்க, ஏன் பிள்ளை அந்தாள் நம்பேல்லை?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாது கடவுளே என்றும் இருந்தது.

“எனக்குத் தெரியாது அம்மா” என்றார்.

என்ன நடந்தாலும் உள்ளதைத்தான் சொல்லுவார் என்று ஊரே சத்தியம் செய்யக்கூடிய மனுசி. அந்த முகத்தோடு, அதே குரலில், ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னார். அம்மா நம்பிவிட்டார். சொன்னது அக்கா அல்லவா.

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். என்னோடு அவர் முன்பு அதிகம் பேசியதில்லை. ஆனால் மருமகள் வீட்டில் சொல்லியிருந்தாள் போல.

“தம்பி, மனிசியும் பிள்ளையும் கொழும்பில நிக்கினமாம். நீர் இன்னும் பிள்ளையின்ர முகத்தையும் பாக்கேல்லையாம். பெத்ததுகளைப் பிரிஞ்சிருக்கிறது எனக்குத் தெரியும். நான் போனவுடன கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போறன். உம்மட பிள்ளை உம்மட்டை வந்து சேரோணும் எண்டு நேத்தி வைச்சு மண்டாடுறன்.”

சொன்னபடி போனாராம். மருமகளுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருந்தது, பதின்மூன்று செவ்வாய்க்கிழமை போய் என் மகளுக்காக மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்திருக்கிறார் என்று. ஐந்தாவது செவ்வாய்க்கிழமை என் மகள் ரொறொன்ரோவில் வந்து இறங்கினாள். அது தெரிந்த பிறகும் அந்த அம்மா மிச்சம் எட்டுச் செவ்வாய்க்கிழமையும் போய்க் கொளுத்தியிருக்கிறார்.